புதுச்சேரி விடுதி, உணவக உரிமையாளர்களுக்கு: உங்கள் சுவர்களில் வரைகிறவர்களைப் பற்றி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

ஒயிட் டவுனில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில், கடற்கரை ஓரத்தில், ஆரோவில் போகிற வழியில் என்று விடுதியும் உணவகமும் காபிக் கடையும் நடத்துகிற உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். என்னிடம் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் சிலர் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலும், சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிகளிலும் படித்து ஓவியர்களாக வெளியே வந்தார்கள். இன்று அவர்களில் பலருடைய வீட்டு அடுப்பு உங்கள் சுவர்களை நம்பித்தான் எரிகிறது. அதற்காக முதலில் உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

நன்றியோடு ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. உங்கள் கட்டடத்துக்குப் பட்டி பார்த்து வண்ணம் அடிக்கிற பெயின்டருக்குச் சனிக்கிழமை தவறாமல் கூலி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதே சுவரில் படம் வரைகிறவருக்கு மட்டும் பணம் எப்போது, எவ்வளவு என்பது கடைசிவரை பேச்சாகவே இருக்கிறது. படம் முடிந்த பிறகு அவர் பெயர் அந்தச் சுவரில் இருப்பதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் உள் அலங்காரம் மாறும்போது, அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே வெள்ளையடிக்கப்பட்டுவிடுகிறது. இந்த மூன்றையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் ஓவியக் கண்காட்சிகள் நடக்காமல் இல்லை. அலியான்ஸ் பிரான்சேசில் நடக்கின்றன, அரவிந்தர் ஆசிரமத்தின் கலைக்கூடத்தில் நடக்கின்றன, ஆரோவில்லில் நடக்கின்றன. ஆனால் ஓர் இளம் ஓவியருக்கு அங்கே கிடைப்பது பத்து நாளோ பதினைந்து நாளோ. பார்க்க வருகிறவர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே ஓவியம் பார்த்துப் பழகியவர்கள். உங்கள் சுவர் அப்படியல்ல. அது வருடம் முழுக்க நிற்கிறது. பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு வருகிற குடும்பமும் பார்க்கிறது, உங்களிடம் அறை சுத்தம் செய்கிற அம்மாவும் பார்க்கிறார். அவருடைய பிள்ளை லீவு நாளில் அம்மாவைத் தேடி வந்து, அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும். வில்லியனூரிலோ தவளக்குப்பத்திலோ வளர்கிற அந்தப் பிள்ளை வாழ்க்கையில் பார்க்கிற முதல் பெரிய ஓவியம் உங்களுடையதாக இருக்கலாம். நவீன ஓவியம் என்றால் நமக்குப் புரியாது, அது பணக்காரர் சமாச்சாரம் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையை அதற்கு அந்நியமாக்கிவிட்டோம். அந்த அந்நியத்தை உடைக்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

ஓவியர்களிடம் இப்போது நிறையப் பணம் புழங்குகிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் எம்.எஃப். உசேனின் ஓவியம் ஒன்று 1.37 கோடி டாலருக்கு மேல், நம் கணக்கில் ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்கு விலை போனது. 1954இல் இந்தியக் கிராமங்களைத் துண்டு துண்டுக் காட்சிகளாக வைத்து அவர் வரைந்த நீளமான படம் அது. 2023இல் அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியம் 61.8 கோடிக்குப் போனது. செய்தித்தாளில் இதைப் படித்துவிட்டுத்தான் பலர், ஓவியனுக்கு என்ன குறை என்கிறார்கள். ஷெர்கில் 28 வயதில் இறந்தவர். உசேனும் இன்று இல்லை. ஏலத்தில் கைமாறிய தொகை அந்தப் படங்களை வைத்திருந்தவர்களுக்குப் போனது. உசேன் தன் இளமையில் மும்பையில் சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து வயிறு வளர்த்தவர் என்பதும் அந்தச் செய்தியோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். நம் ஊரிலும் தியேட்டர் வாசலுக்கும் கடைப் பலகைக்கும் கையால் வரைந்தவர்கள் இருந்தார்கள். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று உங்கள் சாரத்தில் ஏறி நிற்கிறார்கள்.

அவர்களுக்கு நீங்கள் கொடுக்கிற தொகையைச் சதுர அடிக் கணக்கில் பேசுகிறீர்கள். வண்ணம் அடிக்க அது சரியான கணக்கு. படத்துக்குச் சரிவராது. வெறும் நீல வானம் நூறு சதுர அடி இருக்கலாம், அரை நாளில் முடிந்துவிடும். மீன் ஏலம் போடுகிற ஒரு பெண்ணின் முகம் நான்கு சதுர அடிதான் இருக்கும், அதற்கு மூன்று நாள் ஆகும். சுவரில் தூரிகை படுவதற்கு முன்னாலேயே பாதி வேலை தாளில் முடிந்திருக்கிறது என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று நான்கு மாதிரி வரைந்து கொண்டுவரச் சொல்கிறீர்கள். பிறகு ஒன்றுமே வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறீர்கள். சில இடங்களில் அந்த மாதிரியை வைத்துக்கொண்டு, குறைந்த தொகைக்கு வேறொருவரைக் கூப்பிட்டு வரையச் சொல்லியிருக்கிறார்கள். என் மாணவி ஒருத்திக்கு இது நடந்தது. தன் கோடுகளை இன்னொரு கை வரைந்திருப்பதை அவள் தெருவில் நடந்து போகும்போது பார்த்தாள். மாதிரிக்குத் தனியாக ஒரு தொகை கொடுங்கள். படம் வேண்டாம் என்றாலும் அந்தத் தொகை அவருக்குரியது. வேலை தொடங்கும்போது பாதி, முடிந்த அன்று மீதி. வண்ணம், தூரிகை, சாரம் எல்லாம் உங்கள் செலவாக இருக்கட்டும். ஓவியரின் பணத்திலிருந்து அதைக் கழிக்காதீர்கள்.

இலவசமாக வரைந்து தாருங்கள், இன்ஸ்டாகிராமில் உங்கள் பெயரை டேக் செய்கிறோம், நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று சொல்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் சமையல்காரரிடம் இப்படிக் கேட்பீர்களா? இருபத்திரண்டு வயதில் கல்லூரியை விட்டு வெளியே வருகிற பிள்ளை வேறு வழி தெரியாமல் சரி என்கிறது. வீட்டில் அப்பாவிடம் என்ன சொல்லும்? பி.வி.ஏ. என்று ஓவியப் பட்டப்படிப்பு படிக்க வைத்த அப்பா, இதற்கா படித்தாய் என்று கேட்கிறார். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை கூரியர் கம்பெனியில் சேர்ந்துவிடுகிறது. நல்ல கை ஒன்று நமக்கு இல்லாமல் போகிறது. இப்படி நான் பார்த்துக்கொண்டே இழந்த கைகள் பல.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது உங்களுக்கே நல்லது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, அதற்குரிய விலை கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகிறது. பலருக்கு இது வியப்பாக இருக்கும், ஓவியர்களில் பெரும்பாலோருக்கும் தெரியாது. அதாவது நீங்கள் பணம் கொடுத்து வரையச் சொன்ன சுவரோவியத்தை அச்சடித்து டீ-ஷர்ட்டிலும் கோப்பையிலும் விற்றால், எழுத்தில் எதுவும் இல்லாத நிலையில், வரைந்தவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஆனால் இதே பிரிவுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. விலை ஏதும் கொடுக்காமல் வரைய வைத்தால் அந்த உரிமை உங்களுக்கு வராது, வரைந்தவரிடமே நிற்கும். உரிமையை அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும் என்கிறது 19ஆவது பிரிவு. இலவசப் படத்தை உங்கள் விளம்பரத்திலும் மெனு அட்டையிலும் அச்சடிக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே 57ஆவது பிரிவு இருக்கிறது. பதிப்புரிமையை முழுவதுமாக விற்றுவிட்ட பிறகும், இதைப் படைத்தவன் நான் என்று சொல்லிக்கொள்கிற உரிமையும், தன் மதிப்பைக் குலைக்கும்படி அந்தப் படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் உள்ள உரிமையும் கலைஞருக்கு உண்டு. இந்தப் பிரிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. அரசின் மாநாட்டுக் கட்டடமான டில்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் செகல் என்ற சிற்பி வெண்கலத்தில் ஒரு பெரிய சுவர்ச் சிற்பம் செய்தார். 140 அடி நீளம், 40 அடி உயரம். உழவர்களும் கைவினைஞர்களும் பெண்களும் குழந்தைகளும் நிறைந்த இந்தியக் கிராம வாழ்க்கை அதில் இருந்தது. 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அதை அவரிடம் கேட்காமல் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். துண்டுகள் உடைந்தன, சில தொலைந்தன. செகல் வழக்குப் போட்டார். 2005இல் டில்லி உயர் நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடு, மிஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடு, உனக்கு இனி அதில் உரிமை இல்லை என்றது. செய்யச் சொன்னது அரசு, பணம் கொடுத்தது அரசு, சுவரும் அரசுடையது. அப்படியிருந்தும் அந்தச் சிற்பத்தை நினைத்தபடி செய்துகொள்ள அரசுக்கே முடியவில்லை.

சுவரோவியம் அழியக் கூடாது என்று நான் வாதாடவில்லை. சுவர் என்றால் ஒரு நாள் இடியும், ஒரு நாள் மாறும். 1992இல் ஓவியர் நளினி மலானி மும்பை காட்சிக்கூடம் ஒன்றின் சுவர்களில் நேரடியாக வரைந்தார். கண்காட்சி முடிந்ததும் அது அழிக்கப்படும் என்று தெரிந்தே வரைந்தார். ராஜஸ்தானத்து நாத்துவாராவில் பழைய சுவரோவியங்கள் கவனிப்பாரில்லாமல் அழிவதைப் பார்த்த வேதனை அதற்குப் பின்னால் இருந்தது. அங்கே அழிவதும் அவருடைய படைப்பின் ஒரு பகுதி, அவரே முடிவு செய்தது. உங்கள் சுவரில் அப்படி நடப்பதில்லை. காலையில் ஓவியர் அந்தத் தெரு வழியாகப் போகும்போது தன் படம் இருந்த இடத்தில் வெள்ளை எமல்ஷனைப் பார்க்கிறார். அழிப்பதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு போன் செய்யுங்கள். அவர் வந்து நல்ல கேமராவில் படம் எடுத்து வைத்துக்கொள்வார். அடுத்த வேலை கேட்டுப் போகும்போது காட்ட அவருக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் ஓவியர்களுக்கும் அதிகமாகச் சண்டை வருவது இதில்தான். சுவர் உரிகிறது. ஆறு மாதத்தில் படத்தின் அடிப்பகுதி கொப்பளித்து, உப்புப் பூத்து, செதில் செதிலாக விழுகிறது. உடனே ஓவியர் மட்டமான பெயின்ட் அடித்துவிட்டார் என்று மீதிப் பணத்தை நிறுத்திவிடுகிறீர்கள். நம் ஊர்ப் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியவை. அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பிறகு மேற்பரப்பு வழியாக வெளியே விடும். கடல் பக்கத்தில் இருப்பதால் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு இதைத் தாங்கும். அதன் மேல் சிமென்ட் பூசி, பட்டி வைத்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்து, அதற்கும் மேல் அக்ரிலிக்கில் படம் வரைந்தால் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. உள்ளே உப்பு படிகமாகி வண்ணத்தைத் தள்ளுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டாக இருந்தாலும் நிற்காது.

போதாக்குறைக்கு நீங்கள் வேலை கொடுக்கிற காலம். டிசம்பர் சீசனுக்கும் புத்தாண்டுக் கூட்டத்துக்கும் முன்னால் சுவர் தயாராக வேண்டும் என்று அக்டோபர், நவம்பரில் கூப்பிடுகிறீர்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற அந்த மாதங்களில்தான் சுவர் நீர் குடித்துக் கிடக்கும். ஈரச் சுவரில், தார்ப்பாய்க்குக் கீழே நின்று, பல்பு வெளிச்சத்தில் வரையச் சொல்கிறீர்கள். மாசியிலிருந்து சித்திரை வரை சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். அப்போது வேலை கொடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் சுண்ணாம்பு வண்ணமோ சிலிகேட் வண்ணமோ கேளுங்கள். சிமென்ட் பூச்சு புதிது என்றால் நான்கு வாரமாவது ஆறவிடுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குப் படம் வேண்டாம் என்று ஓவியர் சொன்னால் கேளுங்கள், அவர் சோம்பலில் சொல்லவில்லை. தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் உள்ள வீடுகளை மீட்டெடுத்த பழைய கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். சுவரைப் பற்றி அவர்களையும் ஓவியரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினால் பாதிச் சண்டை வராது.

அடுத்தது, என்ன வரையச் சொல்கிறீர்கள் என்பது. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, சைக்கிளில் போகும் வெள்ளைக்காரப் பெண், சிவப்புத் தொப்பி போலீஸ்காரர். இவற்றை வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சிவப்புத் தொப்பி நம் ஊரின் அடையாளம்தான். ஆனால் ஒரே தெருவில் ஐந்து கடையில் ஒரே படம். பெரும்பாலும் போனில் ஒரு வெளிநாட்டுப் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்கிறீர்கள். நான்கு வருடம் உடற்கூறும் நிறமும் தொகுப்பும் படித்துவிட்டு வந்தவருக்கு அது என்ன வேலை? அவரிடம் ஒரே ஒரு சுவரைக் கொடுத்து, உனக்கு என்ன வரையத் தோன்றுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ரோடியர் மில் சங்கு ஊதுகிற நேரத்தைக் கொண்டு தெருவே மணி பார்த்த வீடுகளில் பிறந்தவர்கள் அவர்கள். பின்னாளில் ஏ.எஃப்.டி. என்று ஆன அதே மில் 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டபோது அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் வேலை இழந்திருக்கிறார். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் செத்தது அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதை. வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேர், வம்பாகீரப்பாளையத்து வலைகள், கடல் அரித்துக்கொண்டு போன குப்பத்து வீடுகள் எல்லாம் அவர்களுடைய கண்ணில் இருக்கின்றன. உங்களிடம் தங்க வருகிறவர்களும் அதைப் பார்க்கத்தான் புதுச்சேரிக்கு வருகிறார்கள் என்று நம்புகிறேன். பாரீசை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

கொச்சியில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். 2012 டிசம்பர் 12 அன்று ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் அங்கே கொச்சி முசிறி பினாலே என்ற, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிற பெரிய கலைக் கண்காட்சியைத் தொடங்கினார்கள். பழைய வணிகக் கிடங்கான ஆஸ்பின்வால் ஹவுஸ் அதன் மைய இடமானது. கேரள அரசு பணம் கொடுத்தது. ஆட்டோக்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். அந்த முதல் பினாலேயில் கலைஞர் விவான் சுந்தரம், கேரளத்தில் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைக் கொண்டு ஒரு முழு நகரத்தையே தரையில் பரப்பி வைத்தார். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு அரிக்கமேடுதான் நினைவுக்கு வந்தது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானியரோடு நடந்த வாணிபத்துக்குச் சான்று காட்டிய இடம் நம் காக்காயன்தோப்பில் இருக்கிறது. மது வந்த ரோமானியச் சாடிகளின் ஓடும், இங்கேயே செய்த மணிகளும் அங்கே கிடைத்தன. பல்கலைக்கூடத்துப் பிள்ளைகள் அதற்குப் பக்கத்திலேயே படிக்கிறார்கள். ஒரு விடுதி முற்றத்தை ஒரு மாதம் கொடுத்து, அரிக்கமேட்டைப் பற்றி எதையாவது செய் என்று ஒருவரிடமாவது சொன்னோமா? கொச்சியில் 2014இலிருந்து மாணவர்களுக்கென்றே தனி பினாலே நடக்கிறது. அவ்வளவு பெரிதாக உங்களால் முடியாது, அது அரசு செய்ய வேண்டியது. முற்றமும் சுவரும் உங்களிடம் இருக்கின்றன.

சுவரை விட்டு உள்ளே வருகிறேன். உணவக மேசைகளுக்கு மேலே கேன்வாஸ்களை மாட்டி, விலைச் சீட்டு ஒட்டி வைக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் விற்றால் பாதி எங்களுக்கு என்கிறவர்கள் இருக்கிறார்கள். பெருநகரக் காட்சிக்கூடங்கள் பாதி வரை கமிஷன் எடுப்பது வழக்கம்தான். அவை அதற்காக வாங்குகிறவர்களைத் தேடிப் பிடிக்கின்றன, நூல் அச்சிடுகின்றன, படத்தைக் காப்பீடு செய்கின்றன. நீங்கள் ஆணி அடித்திருக்கிறீர்கள். சமையலறைப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து ஆறு மாதம் கழித்துப் படம் திரும்பி வந்தால் அதைத் துடைக்கிறவரும் ஓவியர்தான். ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். விற்ற வாரத்திலேயே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். சேதமானால் யார் பொறுப்பு என்பதை மாட்டும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்குங்கள் என்றும் கேட்கிறேன். அறைக்கு அறை மாட்ட அச்சடித்த படங்களை இணையத்தில் மொத்தமாக வாங்குகிறீர்கள். ஒரு வருடத்துக்கு இரண்டு அசல் படம் வாங்கினாலே போதும், பத்து வருடத்தில் உங்களிடம் புதுச்சேரியின் ஒரு நல்ல தொகுப்பு இருக்கும். மண்ணையும் மறந்துவிடாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் வேலையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் உங்கள் வாசலுக்கு அருகில் இருக்கின்றன. வில்லியனூர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் இன்று இந்தியா முழுக்க மண்கலையில் பெயர் பெற்றிருக்கிறார்கள். சுடுமண் செய்கிறவரைக் கைவினைஞர் என்றும், ஸ்டோன்வேர் என்ற, அதிகச் சூட்டில் சுடுகிற மண்கலம் செய்கிறவரைக் கலைஞர் என்றும் பிரித்து, ஒருவருக்கு டஜன் விலையும் மற்றவருக்குத் தனி விலையும் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. முனுசாமியின் கையில் பிறந்த ஓர் உருவத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், உங்களுக்கும் அந்தப் பிரிவினை நிற்காது.

ஓவியர்களும் சும்மா இருந்துவிட்டு உங்களைக் கேட்கவில்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது அவர்களிடம் பெரிய முதல் இல்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். பகலில் அதைச் செய்து, மிச்ச நேரத்தில் தங்கள் ஓவியத்தையும் சிற்பத்தையும் செய்தார்கள். தென்னிந்திய நவீன ஓவியத்தின் பெரும்பகுதி அப்படித்தான் எழுந்து நின்றது. போபாலில் பாரத் பவன் கலை மையத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது பீல் என்கிற பழங்குடியைச் சேர்ந்த பெண் பூரி பாய் அங்கே கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். ஓவியர் ஜே. சுவாமிநாதன் அவரிடம் தாளும் வண்ணமும் கொடுத்து, உங்கள் ஊரில் வரைவதை இங்கே வரையுங்கள் என்றார், அதற்குக் காசும் கொடுத்தார். 2021இல் பூரி பாய்க்குப் பத்மஸ்ரீ வந்தது. கல் சுமந்தவரின் கையில் ஓர் ஓவியர் இருப்பதைப் பார்த்துவிட்ட ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தார். அதற்கு அவர் வைத்திருந்தது கண்ணும், கொஞ்சம் காசும், தாளும் வண்ணமும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு பக்க ஒப்பந்தப் படிவம் ஒன்றைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வழக்கறிஞரிடம் காட்டித் திருத்தியும் வாங்கிவிட்டேன். மாதிரிக்கான தொகை, முன்பணம், மீதி கொடுக்கும் நாள், சுவர் யார் பொறுப்பு, படத்தின் கீழே ஓவியர் பெயர், அச்சடித்து விற்றால் அவருக்கு எவ்வளவு, அழிக்க எத்தனை நாள் முன்னறிவிப்பு, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. உங்களில் யார் கேட்டாலும் இலவசமாகத் தருகிறேன். இப்போது சுவரில் இருக்கிற படங்களுக்கும், வரைந்தவரைக் கண்டுபிடித்து, பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒரு சாண் இடம் போதும்.

இந்த மழைக்காலத்தில் புதிய வேலை எதுவும் தொடங்காமல், மாதிரி வரைகிற வேலையை மட்டும் இப்போதே கொடுங்கள். தாளில் வரைய மழை தடை இல்லை. பொங்கல் கழிந்து சுவர் காய்ந்ததும் சாரம் கட்டலாம். கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் ஆண்டுப் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும்போது நீங்கள் நேரில் வந்து பாருங்கள், மேலாளரை மட்டும் அனுப்பாதீர்கள். யாருடைய கை உங்களுக்குப் பிடிக்கிறதோ அவரிடம் அங்கேயே பேசி முடித்துவிடலாம். நானும் அங்கே இருப்பேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.